ஏசாமல் போன மச்சாளுக்கு

என்ரை வாயாடி மச்சாள் வசந்திக்கு,

எப்பிடி இருக்கிறீர் எண்டு கேக்கத்தான் கை வருது. கேட்டால், "செத்தவளிட்டைச் சுகம் விசாரிக்கிற விசரி உலகத்திலை நீர் ஒருத்திதான்" எண்டு சொல்லுவீர். சொல்லும். உம்மடை வாயாலை அப்பிடி ஒண்டு கேட்டு எவ்வளவு காலமாப் போச்சு.

உம்மடை ஆட்டைத் திவசம் வருது, நீர் போய் ஒரு வருசமாகப் போகுது. நினைவு மலர் அடிக்கவேணும் எண்டு உம்மடை அண்ணை ஒற்றைக் காலிலை நிக்கிறார். முன்பக்கத்திலை படம், அதுக்குள்ளை தேவாரம், பிறகு ஆளுக்கொரு பக்கம். கனடாவிலை இருந்து சின்னம்மாவின்ரை மகன் ஒரு கவிதை அனுப்பியிருக்கிறார். "பாசத்தின் உறைவிடமே, பண்பின் பெட்டகமே" எண்டு தொடங்குது. உம்மைப் பெட்டகம் எண்டு எழுதினதைப் பாத்திருந்தீர் எண்டால் அந்தப் பிள்ளைக்குப் போன் எடுத்து ஏசியிருப்பீர். எனக்கும் ஒரு பக்கம் விட்டிருக்காம். "அழகா நாலு வரி எழுதும், சனம் வாசிக்கிறது" எண்டு சொல்லிப்போட்டு உம்மடை அண்ணை வேலைக்குப் போட்டார்.

அழகா நாலு வரி எனக்கு வராது எண்டு உமக்குத் தெரியும். நான் எழுதப்போறது வேறை. உம்மடை தோட்டத்துக்கு அந்தக் குட்டித் தேன்சிட்டு வரவேணும் எண்டு காத்துக்கொண்டு இருந்தீர் எல்லே? அது வராமல் பண்ணினது நான்தான் மச்சாள். தெரிஞ்சு செய்யேல்லை. ஆனால் செய்தது இந்தக் கைதான். உம்மடை அண்ணைக்கும் இன்னும் சொல்லேல்லை. இதை அச்சுக்குக் குடுக்கேக்கை வாசிச்சுத்தான் அறியப்போறார்.

வாசிக்கிற சனத்துக்கு எங்களை ஆரெண்டு சொல்லவேணும், கொஞ்சம் பொறும். நான் தவமணி, வசந்தி என்ரை மனுசன்ரை தங்கச்சி. அவாவுக்குப் பேசின கலியாணம் ஒண்டும் சரிவரேல்லை. அகதியா வந்து இறங்கின நாளிலை இருந்து ஹம்பேர்க்கிலை எங்களோடைதான், ஒரே வீட்டிலை. ரெண்டு பேருக்கும் ஒரே இடத்திலை வேலை. விடியமுதல் எழும்பிப் போய் ஒரு பெரிய கந்தோர்க் கட்டடத்தைக் கூட்டித் துடைக்கிறது. மேல்மாடி அவாவுக்கு, கீழ்மாடி எனக்கு. எஸ்-பான் ரயிலிலை எங்கடை சண்டையைக் கேட்டுப்போட்டு ஜேர்மன்காரர் எழும்பி அடுத்த பெட்டிக்குப் போவினம்.

என்ன சண்டை எண்டு கேட்டால் என்னத்தைச் சொல்லுறது? கறியிலை ஒரு கல்லு உப்புக் கூடினால் கிழமை முழுக்கக் கதை. நான் துடைச்ச கண்ணாடியிலை கை அடையாளம் இருந்தால் அதுக்கொரு பேச்சு. என்ரை ஒரு பிழையைக் கண்டும் நீர் வாயை மூடிக்கொண்டு போனது கிடையாது. நானும் விட்டனானே? நீர் ஒண்டு சொன்னால் நான் ரெண்டு சொல்லுவன். வீடு சத்தமில்லாமல் கிடந்தால் உம்மடை அண்ணை வந்து, "ஆருக்கப்பா காய்ச்சல்?" எண்டு கேப்பார்.

அந்தத் துண்டுத் தோட்டம் உம்மடை பேரிலைதான் எடுத்தது. ரயில் பாதையோரம் வேலி போட்டு வரிசையாப் பிரிச்சு, ஒரு சங்கம் வாடகைக்கு விடுற தோட்டங்கள். ஒரு சின்னக் கொட்டில், ஒரு அப்பிள் மரம், மிச்சம் வெறும் மண். "ரெண்டு பேரும் வீட்டிலை கத்துறதை அங்கை போய்க் கத்துங்கோ" எண்டு உம்மடை அண்ணைக்கு வலு சந்தோசம்.

அந்தக் கொதி வெயில் வருசம் ஞாபகம் இருக்கோ? மனுசர் நிண்ட நிலையிலை அவிஞ்ச கோடை. நான் குனிஞ்சு நிண்டு கீரைக்குத் தண்ணி விடுறன், நீர் வேலிக்கரையிலை நிண்டு, "மச்சாள்! ஓடி வாரும்! தேன்சிட்டு! தேன்சிட்டு!" எண்டு கத்துறீர். நான் பாம்பாக்கும் எண்டு பயந்து பூவாளியையும் போட்டிட்டு ஓடி வந்தன். வந்து பாத்தால் ஒண்டுமில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பூவிலை நிண்டதாம், நிண்ட இடத்திலை நிண்டு பறந்ததாம், செட்டை அடிக்கிறது தெரியேல்லையாம், உம்மெண்டு இரைஞ்சதாம், ஊசி மாதிரி ஒண்டை நீட்டித் தேன் குடிச்சதாம். "வெயில் மண்டைக்கை அடிச்சிட்டுது, தொப்பியைப் போடும்" எண்டன் நான். இந்தக் குளிர் தேசத்திலை எங்கடை தேன்சிட்டு எங்காலை வரும்?

வேலிக்கு அங்காலை கிறிஸ்ரா சிரிச்சா. பக்கத்துத் தோட்டக்காரி, பென்சன் எடுத்த மனுசி, எங்களுக்குத் தோட்டத்திலை கிடைச்ச ஒரே சிநேகிதி. ஒவ்வொரு கோடைக்கும் சனம் பேப்பர்க்காரருக்குப் போன் எடுத்து, "எங்கடை தோட்டத்திலை கொலிப்ரி கண்டனாங்கள்" எண்டு சொல்லுறதாம். கொலிப்ரி எண்டால் அமெரிக்காப் பக்கம் இருக்கிற ஒரு குட்டிக் குருவி, தமிழிலை ரீங்காரச்சிட்டு எண்டு உம்மடை அண்ணை அகராதி பாத்துச் சொன்னவர். ஆனால் இது குருவியே இல்லையாம். பகலிலை பறக்கிற ஒரு விட்டில்பூச்சியாம். தெற்குத் தேசங்களிலை இருந்து மலையெல்லாம் தாண்டி வாறதாம். புறாவின்ரை வால் எண்டு கருத்து வாற ஒரு நீளப் பேர் சொன்னவா, என்ரை வாயிலை அது வராது.

எனக்கு வாய் சும்மா கிடக்குமே? "கண்டறியாத தேன்சிட்டு! ஒரு பூச்சிக்கே இந்தக் கூத்து?" எண்டனான்.

"பூச்சியெண்டால் என்ன, குருவியெண்டால் என்ன? தேன் குடிக்க வந்தால் அது எனக்குத் தேன்சிட்டுத்தான். என்ரை தோட்டத்துக்கும் அதைக் கூப்பிடுவன், இருந்து பாரும்" எண்டு சொன்னீர். அண்டைக்குப் பிடிச்ச விசர்தான் உமக்கு.

அடுத்த வருசம் ரீவியிலை ஒண்டு பாத்தீர். அமெரிக்காவிலை ஒரு மனுசி சிவப்பு மூடிப் போத்தலிலை சீனித் தண்ணி விட்டு மரத்திலை தொங்க விட, கொலிப்ரி வரிசையிலை வந்து குடிக்குது. அவ்வளவுதான். அடுத்த நாளே எங்கடை அப்பிள் மரத்திலையும் ஒரு போத்தல். கொலிப்ரியும் வரேல்லை, அந்தப் புறா வால் பூச்சியும் வரேல்லை. ஹம்பேர்க்கிலை இருக்கிற குளவியெல்லாம் எங்கடை தோட்டத்துக்குத்தான் வந்தது, நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த மாதிரி. உம்மடை அண்ணையின்ரை காதிலை ஒண்டு குத்தி, காது வடை மாதிரி வீங்கிப்போச்சு. அண்டைக்கு நாங்கள் பிடிச்ச சண்டையிலை கிறிஸ்ரா எங்களுக்கெண்டு கொண்டுவந்த கேக்கைத் தூக்கிக்கொண்டு தன்ரை கொட்டிலுக்குள்ளை போயிட்டா.

பிறகு செவ்வரத்தை. ஊரிலை தேன்சிட்டு செவ்வரத்தைக்குத்தானே வரும் எண்டு ஒரு சாடி வாங்கிக்கொண்டு வந்து, "சாடியிலையே விடும், குளிருக்கு உள்ளுக்கு எடுக்கலாம்" எண்டு நான் சொல்லச் சொல்ல, நிலத்திலை நட்டீர். முதல் உறைபனியோடை அது கருகிப்போச்சு. நான் சிரிச்சன். நீர் அந்தக் கருகின தடியைத் தடவிப் பாத்தீர், பிறகு, "சிரியும், சிரியும், சிரிக்கத்தானே உம்மைப் பெத்தது" எண்டு ஏசினீர். அந்த ஏச்சோடை எனக்கும் சரி, உமக்கும் சரி, எல்லாம் லேசாப் போச்சு.

கடைசியிலை கிறிஸ்ராதான் வழி சொன்னவா. ஃப்ளொக்ஸ் எண்டு ஒரு ஊதாப் பூ, பின்னேரத்திலை வாசம் வீசுறது, அதை வேரோடை கிளப்பித் தந்தவா. அதை வரிசையா நட்டம். ரெண்டு பேரும்தான் நட்டம். அதையும் சொல்லவேணும், இல்லாட்டி நான் ஒண்டுமே செய்யேல்லை எண்டு சனம் நினைக்கும்.

ஆனால் வேலி மூலையிலை ஒரு புல்லு இருந்தது. பொடிப் பொடி வெள்ளைப் பூவோடை, வேலியிலை ஏறிப் படந்து, பாக்கவே அலங்கோலம். எனக்கு அதைக் காணக் காணக் கை அரிக்கும். "அந்தப் பக்கம் போகாதையும் மச்சாள், அது கிடக்கட்டும்" எண்டு ஒருநாள் சொன்னனீர். நான் அதைப் பஞ்சி, சோம்பல் எண்டுதான் நினைச்சன். அந்த நாளிலை நீர் முதுகு நோகுது, குனிய ஏலாது எண்டும் சொல்லுவீர். அதையும் பஞ்சி எண்டுதான் நினைச்சன். அந்த நோ என்னெண்டு டொக்டர் சொன்ன அண்டைக்கு நீர் அழேல்லை. நான் மலசலகூடத்துக்குள்ளை பூட்டிக்கொண்டு நிண்டு அழுதன். அது வேறை கதை.

போன வருசம் ஆனியிலை உம்மை ஆஸ்பத்திரியிலை வைச்சிட்டம். நீர் அங்கை கிடக்கேக்கை வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது, உம்மடை பேருக்கு, தோட்டச் சங்கத்திலை இருந்து, சீல் குத்தி.

சீல் குத்தின கடிதம் எண்டால் எங்கடை ஆக்களுக்கு என்ன நடக்கும் எண்டு நான் சொல்லவேணுமே? அகதி வழக்கு நடந்த காலத்திலை அப்பிடிக் கடிதம் வந்தால் சோறு இறங்காது. இப்ப வதிவிட உரிமை இருக்கு, பாஸ்போட் இருக்கு, எண்டாலும் அந்தக் கடித உறையைக் கண்டால் அதுகளை எடுத்து ஒருக்காப் பாத்திட்டுத்தான் உறையை உடைப்பன். அண்டைக்கும் அப்பிடித்தான். களை எண்ட சொல்லு கண்ணிலை பட்டுது, கீழை ஒரு திகதி தெரிஞ்சுது. அது போதும் எனக்கு. தோட்டத்தைப் பறிக்கப் போறாங்கள், வசந்தி ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை அவளின்ரை தோட்டம் போகப்போகுது எண்டு பதறிப்போனன். உண்மையிலை அவை கேட்டது நடைபாதைக்கரையைக் கொஞ்சம் வெட்டிவிடச் சொல்லித்தான். ஒரு மாதத்துக்கு மேலை தவணையும் தந்திருந்தவை. நான் முழுக்க வாசிக்கக்கூட இல்லை. அண்டைக்குப் பின்னேரமே மண்வெட்டியோடை தோட்டத்துக்குப் போனன்.

அந்த மூலையை வேரோடை பிடுங்கினன் மச்சாள். பிடுங்கப் பிடுங்க உள்ளுக்குப் பச்சைப் புழு. பக்கத்திலை வெள்ளைக் கோடு, வாலிலை ஒரு நீலக் கொம்பு. "குறுக்காலை போன புழுவே, இதுதானே கீரையிலை ஓட்டை போடுறது" எண்டு ஏசி ஏசி, ஒவ்வொண்டாப் பொறுக்கிச் சவுக்காரத் தண்ணி வாளிக்குள்ளை போட்டன். ஒண்டு தப்பி ஊர்ந்து போனது. அதையும் தேடிப் பிடிச்சுப் போட்டன்.

அடுத்த நாள் கஞ்சியோடை ஆஸ்பத்திரிக்கு வந்தன். எனக்கு அண்டைக்கு எவ்வளவு புளுகம், எவ்வளவு சந்தோசம்! "மூலை முழுக்கத் துப்புரவாக்கிப்போட்டன், இனி ஆரும் வந்து பாக்கட்டும்" எண்டு சொன்னன்.

"எந்த மூலை?" எண்டு கேட்டீர்.

"வேலி மூலைதான். நீர் கைவைக்கப் பஞ்சிப்பட்ட இடம்."

"எல்லாத்தையுமோ?"

"வேரோடை. புழுவும் கிடந்தது, வாலிலை கொம்பு வைச்ச சாதி. ஒண்டையும் விடேல்லை."

நீர் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினீர். நோவாக்கும் எண்டு நான் நினைச்சன். நேர்ஸைக் கூப்பிடட்டோ எண்டும் கேட்டன். கொஞ்ச நேரத்தாலை திரும்பி, "நல்லது மச்சாள். நல்லாக் களைச்சுப்போயிருப்பீர். அந்தத் தோடம்பழத்தை உரிச்சுச் சாப்பிடும்" எண்டு சொன்னீர்.

நான் உரிச்சுச் சாப்பிட்டன். உம்மடை கட்டில் கரையிலை இருந்து, கொட்டையைத் துப்பித் துப்பி, வலு சந்தோசமாச் சாப்பிட்டன். வசந்தி தன்ரை வாயாலை எனக்கு ஒரு நல்ல சொல்லுச் சொல்லிப்போட்டாள் எண்டு உம்மடை அண்ணைக்கும் போய்ச் சொன்னன்.

ஆவணியிலை டொக்டர் உம்மை ரெண்டு நாளைக்கு வீட்டை போக விட்டவர். நீர் வீட்டிலை நிக்கேல்லை, தோட்டத்துக்குக் கொண்டுபோகச் சொன்னனீர். அப்பிள் மரத்துக்குக் கீழை கதிரையைப் போட்டு, போர்வையாலை சுத்தி இருத்தினன். ஃப்ளொக்ஸ் ஊதாவாப் பூத்துக் கிடந்தது, அப்பிடி வாசம். "இரும், இண்டைக்கு வரும் பாரும். இவ்வளவு பூவுக்கு வராமல் எங்கை போறது?" எண்டு நான் சொல்லிக்கொண்டே இருந்தன். கிறிஸ்ரா வேலிக்கு அங்காலை நிண்டு உம்மையும் என்னையும் மாறி மாறிப் பாத்தா. நீர் ஓம் ஓம் எண்டு தலையாட்டிக்கொண்டு இருந்தீர். பொழுதுபட, "காணும் மச்சாள், குளிருது, போவம்" எண்டீர். ஐப்பசியிலை எங்களை விட்டிட்டுப் போட்டீர்.

தோட்டத்தை என்ரை பேருக்குச் சங்கத்தார் மாத்தித் தந்தவை. இந்த வருசம் சித்திரையிலை நான் போனால், அந்த மூலையிலை அதே புல்லுத் திரும்ப முளைச்சுக் கிடக்கு. எவ்வளவு பிடுங்கினாலும் ஒரு வேர் தப்பும்தானே. "உம்மடை திவசத்துக்கு முதல் தோட்டத்தை வடிவா வைச்சிருக்கவேணும்" எண்டு மனசுக்கை சொல்லிக்கொண்டு குனிஞ்சு கையை வைச்சன். வேலிக்கு அங்காலை இருந்து ஒரு சத்தம். "நைன்! நைன்!" வேண்டாம் வேண்டாம் எண்டு மறிச்சது கிறிஸ்ரா. அந்த மனுசி அப்பிடிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

பிறகு தன்ரை கொட்டிலுக்குள்ளை கூட்டிக்கொண்டு போய்க் கோப்பி ஊத்தித் தந்தவா. நான் குடிக்கேல்லை. என்ரை அரைகுறை ஜேர்மனுக்கு விளங்குற மாதிரி ஆறுதலாத்தான் சொன்னவா. அந்தப் பூச்சி பூவிலை தேன் குடிக்குமாம், ஆனால் முட்டை இடுறது அந்தப் புல்லிலைதானாம். புழு அதைத்தான் தின்னுமாம். கீரையைத் தொடாதாம். அதைத் தெரிஞ்சுதான் நீர் அந்த மூலையை விட்டு வைச்சிருந்தீராம். ஆஸ்பத்திரிக்குப் போக முதல் ஒருநாள் கிறிஸ்ராவைக் கூப்பிட்டுக் காட்டினீராம், பொடிப் புழுவாம், நீர் சின்னப் பிள்ளை மாதிரிக் கை தட்டினீராம். "தவமணிக்குச் சொல்லாதை. புழு வளக்கிறன் எண்டு பகிடி பண்ணுவாள். ஆவணியிலை பறக்கேக்கை கூட்டிவந்து காட்டி வாயை அடைக்கிறன்" எண்டு சொன்னீராம்.

சொன்னீர் எல்லே? என்ரை பகிடிக்குப் பயந்துதானே எனக்குச் சொல்லாமல் விட்டீர்?

நான் தோடம்பழம் திண்ட அண்டைக்குப் பின்னேரம் கிறிஸ்ராவுக்கு ஆஸ்பத்திரியிலை இருந்து போன் எடுத்தீராம். "அவளுக்கு ஒருநாளும் சொல்லாதை. தெரிஞ்சால் தாங்கமாட்டாள்" எண்டு சொல்லிச் சத்தியம் வாங்கினீராம். கிறிஸ்ரா அந்தச் சத்தியத்தை முறிச்சது நான் திரும்பவும் பிடுங்கப் போனபடியாலைதான். அவாவை ஏசாதையும். அழுதழுதுதான் சொன்னவா.

அப்ப, அந்த ஆவணிப் பின்னேரம்? கதிரையிலை போர்வையோடை இருந்தீரே? அது வராது எண்டு உமக்குத் தெரியும். வாறதை நான் வாளிக்குள்ளை போட்டிட்டன் எண்டும் தெரியும். பக்கத்திலை நான் நிண்டு வரும் வரும் எண்டு புலம்ப, நீர் ஓம் ஓம் எண்டு தலையாட்டினீர். எப்பிடி மச்சாள் ஏலுமாயிருந்தது உமக்கு? உப்புக் கல்லுக்கு ஒரு கிழமை ஏசுற மனுசி நீர்!

அண்டையிலை இருந்து சோப்புத் தண்ணியிலை கைவைக்க எனக்கு ஏலாமல் கிடக்கு. வேலைக்குப் போய் வாளியைத் தூக்கினால் அதுக்குள்ளை பச்சையா ஏதோ நெளியிற மாதிரி இருக்குது. எங்கடை தொழிலே வாளியோடைதானே, எங்கை போய் ஒளிக்கிறது?

சரி, இனி இந்த வருசத்துக் கதையைக் கேளும். புல்லை விட்டன். அது வேலியிலை ஏறி, போன முறையிலும் பாக்கப் பெருசாப் படந்துது. கிறிஸ்ராவின்ரை சொல்லுக் கேட்டு ஒவ்வொரு நாளும் வேலை முடியப் போய், முழங்காலிலை இருந்து இலையைப் பிரட்டிப் பிரட்டிப் பாத்தன். இஞ்சை ஊர் முழுக்க உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்துக்குக் கொடி கட்டிக் காரிலை சத்தம் போட்டுக்கொண்டு ஓடித் திரியுது. நான் புல்லுக்கை தலையை விட்டுக்கொண்டு கிடக்கிறன். ஆடியிலை ஒருநாள் கண்டன். அதே பச்சை, அதே கொம்பு. ஐயோ மச்சாள், எனக்கு அதைப் பாக்கச் சந்தோசம் வரேல்லை. அதுகளின்ரை முகத்திலை முழிக்க வெக்கமாக் கிடந்தது. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ பிள்ளையள்" எண்டு வாய்விட்டுச் சொன்னன். ஆரும் கேட்டிருந்தால் என்னையும் ஆஸ்பத்திரியிலை வைச்சிருப்பினம்.

அந்த நேரம் பாத்துத்தான் சங்கத்து ஆக்கள் தோட்டம் பாக்க வந்தவை. வருசத்துக்கு ஒருக்கா வாறவை எல்லே, தலைவரும் இன்னும் ரெண்டு பேரும். தலைவர் மூலையைப் பாத்தார், தலையை ஆட்டினார். ரெண்டு கிழமைக்குள்ளை இது போகவேணும், விதை பறந்து மற்றத் தோட்டத்துக்கும் பரவும் எண்டு சொன்னார். குரல் உயத்தேல்லை, மரியாதையாத்தான் சொன்னவர்.

நான் இந்தத் தேசத்திலை ஒரு கந்தோர்க்காரருக்கும் எதிர்த்து ஒரு சொல்லுச் சொன்னதில்லை. உமக்குத் தெரியும், கடைக்காரன் பழுதான தக்காளி தந்தாலும் உம்மைத்தான் கதைக்க அனுப்புவன். அண்டைக்கு நான் போய் மூலைக்கு முன்னாலை நிண்டன். "இது களை இல்லை. இது பிள்ளையளின்ரை சாப்பாடு" எண்டு ஜேர்மன் பாசையிலை சொன்னன்.

"எந்தப் பிள்ளைகள்?" எண்டு தலைவர் கேட்டார்.

"வசந்தியின்ரை" எண்டன். அதுக்குமேலை எனக்குப் பாசை வரேல்லை. அழுகைதான் வந்தது. கிறிஸ்ரா ஓடிவந்து மிச்சத்தைச் சொன்னவா. தலைவர் குனிஞ்சு புழுவைப் பாத்தவர், பாவம், முகமும் மாறினது. எண்டாலும் ஒரு ஆளுக்கு விட்டால் எல்லாருக்கும் விடவேணும், சட்டம் சட்டம்தான் எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டார்.

கடிதம் வந்திட்டுது. எச்சரிக்கைக் கடிதம். சீல் குத்தித்தான் வந்தது. இன்னொண்டு வந்தால் தோட்டத்தைத் திருப்பிக் குடுக்கவேண்டி வருமாம். இந்த முறை முழுக்க வாசிச்சன், அகராதி வைச்சு. பயமில்லை எண்டு சொன்னால் பொய். ஆனால் பிடுங்கேல்லை.

போன ஞாயிறு வந்தது மச்சாள்.

நான் ஃப்ளொக்ஸ் கரையிலை காஞ்ச இலை பொறுக்கிக்கொண்டு நிக்கிறன். உம்மடை அண்ணை கதிரையிலை பேப்பரோடை. காதுக்குக் கிட்ட உம்மெண்டு ஒரு இரைச்சல். குளவியின்ரை இரைச்சல் இல்லை அது. எனக்கு உடனை விளங்கிச்சுது. விளங்கினதும் நான் என்ன செய்தன் தெரியுமோ? கண்ணை இறுக்கி மூடினன்.

உம்மடை அண்ணை எழும்பின சத்தம் கேட்டுது. "இஞ்சேரும்! இஞ்சேரும்! பாரும் இதை! வசந்தி சொன்னது மெய்தானப்பா, அப்பிடியே நிண்டு குடிக்குது! இன்னொண்டும் வருது!" எண்டு கத்துறார். அந்த மனுசன்ரை குரல் அப்பிடி உடைஞ்சு நான் கேட்டது உம்மடை செத்தவீட்டிலைதான். "ஏனப்பா கண்ணை மூடிக்கொண்டு நிக்கிறீர், போகப்போகுது, பாருமன்!" எண்டு என்ரை தோளைப் பிடிச்சு உலுக்கினார்.

நான் திறக்கேல்லை. எந்தக் கண்ணாலை பாக்கிறது? நீர் ஒரு பின்னேரம் முழுக்கப் போர்வையோடை இருந்து பாக்காததை, நான் காஞ்ச இலை பொறுக்கப் போன இடத்திலை சும்மா பாத்திட்டுப் போறதோ? கிட்டத்தான் நிண்டது. அதின்ரை செட்டைக் காத்துக் கன்னத்திலை பட்டுது. அது போனபிறகுதான் கண்ணைத் திறந்தன். "தூசு விழுந்திட்டுது" எண்டு உம்மடை அண்ணைக்குச் சொன்னன். இதை வாசிக்கேக்கை அவருக்கு விளங்கும். அதுக்குப் பிறகு என்னோடை கதைப்பாரோ, விடுவாரோ, அதுவும் எனக்குத் தெரியாது.

நீர் என்னை மன்னிச்சிட்டீர் எண்டு கிறிஸ்ரா சொல்லுறா. அது எனக்குத் தெரியாதே? மன்னிச்சபடியாத்தானே ஏசேல்லை. அதைத்தான் என்னாலை தாங்க ஏலாமல் கிடக்கு. அண்டைக்கு அந்தக் கட்டிலிலை கிடந்து, "எடியே மூதேவி, என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறாய்" எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால், "எனக்கென்ன சாத்திரமே தெரியும், சொல்லித் துலைச்சிருக்கலாமே" எண்டு நானும் கத்தியிருப்பன். ரெண்டு பேரும் அழுதிருப்பம், நேர்ஸ் வந்து பேசியிருப்பா, முடிஞ்சிருக்கும். இப்ப நான் ஆரோடை கத்துறது? வாழ்நாள் முழுக்க என்ரை ஒரு பிழையையும் விடாத நீர், ஏசவேண்டிய ஒரே ஒரு பிழையை ஏசாமல் விட்டிட்டுப் போட்டீர்.

ரெண்டு சத்தியம் செய்து தாறன், சனம் வாசிக்க அச்சிலையே தாறன். கடிதம் எத்தினை வந்தாலும் அந்த மூலையிலை என்ரை கை படாது. தோட்டத்தை எடுத்தால் எடுக்கட்டும், பிடுங்கிறவை தங்கடை கையாலை பிடுங்கட்டும்.

மற்றது, நானும் ஒருநாள் அங்கை வருவன்தானே. வந்தவுடனை சுகம் கேக்காதையும், இரும் எண்டு சொல்லாதையும். வாசலிலையே மறிச்சு வைச்சு ஏசும். ஆசை தீர, தொண்டை கிழிய ஏசும் மச்சாள். நான் ஒரு சொல்லுத் திருப்பிச் சொல்லமாட்டன்.

உம்மடை அண்ணையின்ரை பெண்சாதி,
உம்மடை மச்சாள்,
தவமணி